கட்டத்துக்குள் கால் வைக்கும் குழந்தை: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கச் சிறுவர் அருங்காட்சியகங்களில் ‘பீனட்ஸ்’ சித்திரக்கதையை வைத்து அமைக்கப்படும் தொட்டு விளையாடும் காட்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகள் சிலவற்றுக்கு, இப்படிப்பட்ட காட்சிகளை வடிவமைத்துப் பராமரிப்பவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் பேரனுக்கு ஸ்னூப்பியை சட்டையில் இருக்கும் படமாகத்தான் தெரியும். கதையே தெரியாத பிள்ளை அங்கே போய் என்ன செய்வான்?

வருகிற குழந்தைகளில் பெரும்பாலோர் உங்கள் பேரனைப் போலத்தான், அம்மா. அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபர் 2 அன்று ஏழு செய்தித்தாள்களில் தொடங்கிய கதை இது. 2000 பிப்ரவரி 13 அன்று வெளியான ஞாயிற்றுக்கிழமைச் சித்திரத்தோடு முடிந்தது. மொத்தம் 17,897 சித்திரங்கள். இன்று ஐந்து வயதுப் பிள்ளையோடு வரும் தாய் தகப்பனில் பலர்கூட அதை நாளிதழில் நாள்தோறும் படித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஷுல்ஸ் தன் பாத்திரம் ஒவ்வொன்றின் கையிலும் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். லைனஸுக்குப் போர்வை, ஷ்ரோடருக்குப் பொம்மைப் பியானோ, லூசிக்கு, மனநல டாக்டர்போல் உட்கார்ந்து ஐந்து சென்ட் வாங்கிப் பதில் சொல்லும் ஆலோசனைக் கடை, கதையின் நாயகனான சிறுவன் சார்லி பிரவுனுக்கு மரத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டம், அவன் நாய் ஸ்னூப்பிக்குப் படுத்துக்கொள்ளத் தன் வீட்டுக் கூரை. அந்தப் பொருளைக் குழந்தையின் கையில் கொடுத்தால் போதும், பாத்திரம் தானாகப் புரிந்துவிடும். அதனால் வடிவமைக்கும்போது முதலில் அட்டையில் ஒரு மாதிரி செய்து, எந்த விளக்கப் பலகையும் இல்லாமல் குழந்தைகள் முன்னால் வைத்துப் பார்ப்போம். கதை தெரியாத பிள்ளை யாரும் சொல்லாமலே அதை எடுத்து ஏதாவது செய்யத் தொடங்க வேண்டும். தயங்கி அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் வடிவம் தவறு. பலகையில் இன்னும் நாலு வரி எழுதி அதைச் சரிசெய்ய முடியாது.

கதை தெரிய வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். அவர்களுக்காக அந்த இடத்துக்குப் பொருத்தமான ஒரே ஒரு நான்கு கட்டச் சித்திரத்தை, நின்றபடி படிக்கும் உயரத்தில் ஒட்டிவைத்தால் போதும். அதைப் படித்துச் சிரித்துவிட்டு, பிள்ளைக்கு அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

கேள்வி: லூசியின் ஆலோசனைக் கடையை எங்கள் பள்ளி நூலகத்தில் சிறிதாகச் செய்துபார்க்க ஆசை. அளவுகள் சொல்ல முடியுமா? காசு வைக்கலாமா?

இந்தக் கடை கதையில் முதலில் வந்தது 1959 மார்ச் 27 அன்று. பக்கங்களில் இரண்டு கம்பம், மேலே ஒரு பலகை, நடுவில் ஒரு மேசைத் தட்டு, அவ்வளவுதான் கட்டுமானம். எளிதாகத் தெரிவதால்தான் அளவில் தவறு செய்கிறார்கள். பெரியவர்கள் கட்டும்போது தட்டு தம் இடுப்பு உயரத்துக்குப் போய்விடும், உட்கார்ந்த குழந்தையின் முகம் மறைந்துவிடும். தட்டின் மேற்பரப்பு தரையிலிருந்து 26 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். கீழே 24 அங்குலம் காலியாக இருந்தால் சக்கர நாற்காலியில் வரும் குழந்தையின் முழங்கால் உள்ளே போகும். அப்படியென்றால் தட்டின் கனத்துக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் சேர்த்து உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே அங்குலம். முக்கால் அங்குல பிர்ச் ப்ளைவுட்டும் அடியில் ஒரு பட்டை இரும்பும் போதும். முன்விளிம்பில் அகலமான மரச்சட்டம் கொடுத்தால் முழங்கால் இடிக்கும்.

கடையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கைகள் போடுங்கள். லூசியின் பக்கம் மட்டும் உயர்ந்த ஸ்டூல் போட்டால் எல்லோரும் அங்கேதான் ஏறி உட்காருவார்கள், கேட்பவர் இடம் காலியாகவே கிடக்கும். சமமாக இருந்தால் பிள்ளைகள் இடம் மாறிக்கொள்வார்கள். அப்பா நோயாளியாக உட்கார்ந்து குறை சொல்ல, நாலு வயது மகள் தீர்ப்பு சொல்வதுதான் இந்தக் காட்சியின் உயிர். அதற்காகப் பெரியவர் எடையைத் தாங்கும் இருக்கையாகவே போடுங்கள். பேச்சைத் தொடங்கிவைக்கப் பத்துப் பன்னிரண்டு அட்டைகள் இருக்கட்டும்: ‘இன்று எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால்…’ என்பது போல, முடிக்காத வாக்கியங்களாக. முழுக் கேள்வியாக எழுதினால் குழந்தை ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடும்.

காசைப் பொறுத்தவரை, உண்மையான ஐந்து சென்ட் நாணயம் கூடவே கூடாது. அதன் விட்டம் 21.21 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கும் பொருள் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கணக்கு. நாணயம் அதற்குள் சர்ரென்று போய்விடும். மூன்று அங்குல விட்டத்தில் மரக்காசு செய்து, அரை அங்குலக் கனம் வையுங்கள். லூசியின் பக்கத்தில் ஒரு துளை, உள்ளே சாய்ந்த சரிவு, மறுபக்கம் அதே காசு வெளியே வரும் ஒரு தட்டு. காசு விழும் சத்தம் குழந்தைகளை மீண்டும் மீண்டும் இழுக்கும். சரிவு ஏறக்குறைய 30 டிகிரிக்குக் குறைந்தால் பிசுபிசுப்பேறிய காசு நடுவிலேயே நின்றுவிடும். துளைக்குள் கிரயான், டிக்கெட், பிஸ்கட் எல்லாம் போகும். பின்பலகையை நாலு ஸ்க்ரூவில் கழற்றும்படி வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் அந்தக் கடைக்கு நிரந்தர விடுமுறைதான்.

லூசியின் கடையில் தொங்கும் ‘டாக்டர் இருக்கிறார்’ பலகையைத் திருப்பும்படி செய்யலாம். கீல் வைத்த பலகையில் விரல் நசுங்கும். நடுவில் அச்சு வைத்துச் சுழலும்படி செய்து, சுற்றிலும் விரல் தாராளமாகப் போய்வரும் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: சார்லி பிரவுன் பந்தை உதைக்க ஓடிவர, லூசி பந்தை இழுத்துவிடுவாளே, அதை ஏன் எந்தக் காட்சியிலும் நிஜமாக வைப்பதில்லை?

கதையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது: அவன் ஒவ்வொரு முறையும் மல்லாந்து விழுகிறான். 1951 நவம்பரில் முதல்முறை பந்தைப் பிடித்தவள் வயலட் என்ற சிறுமி. அவன் உதைக்கும் வேகத்தைப் பார்த்துப் பயந்து கையை எடுத்துவிட்டாள். அடுத்த வருடம் லூசி அதை வழக்கமாக்கினாள். உதைக்கத் தூக்கிய கால் எதிலும் படாவிட்டால் உடலின் எடை முழுவதும் பின்னால் போகிறது, தலை முதலில் தரையைத் தொடுகிறது. எந்தப் பொறுப்புள்ள வடிவமைப்பாளரும் இதைச் செய்யக் கூடாது. மெத்தை போட்டும் கூடாது, ஏனென்றால் மெத்தையில் ஓடிவரும் பிள்ளை உதைக்கும் முன்னாலேயே தடுமாறும்.

அதற்குப் பதிலாகச் சுழலும் உருளையில், பிளவுகள் வழியே பார்த்தால் உள்ளே உள்ள படங்கள் அசைவதுபோல் தெரியும் ‘ஜோட்ரோப்’ சிறப்பாக அமையும். பன்னிரண்டு பிளவு, பன்னிரண்டு படம். பிளவின் அகலம் எட்டில் ஒரு பங்கு அங்குலம் இருக்கட்டும். அதிகமானால் படம் கலங்கும், குறைந்தால் இருட்டாகும். உருளையின் உள்பக்கத்தில் நல்ல வெளிச்சமும் வெளிப்பக்கத்தில் கறுப்பு வண்ணமும் வேண்டும். கையால் சுழற்றும் உருளையைச் சில பிள்ளைகள் பலங்கொண்ட மட்டும் சுற்றுவார்கள். அச்சில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடிப்பு இல்லாவிட்டால் படங்கள் ஒன்றோடொன்று கரைந்து வெறும் சாம்பல் பட்டையாகத் தெரியும். வெற்றுப் பட்டைகளைக் கொடுத்து, பிள்ளைகளே பன்னிரண்டு படம் வரையச் செய்தால் இன்னும் நல்லது. அவர்களில் பலர் சார்லி பிரவுன் பந்தை உதைத்துவிடுவதாக வரைவார்கள்.

கேள்வி: ஷ்ரோடரின் பியானோ என்று வைத்திருந்ததில் பாதிக் கட்டைகள் ஒலிக்கவில்லை. ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

ஏனென்றால் அது பியானோ என்று நினைத்துச் செய்யப்பட்டிருக்கும். செய்ய வேண்டியது முட்டியால் குத்தப்படும், காலால் மிதிக்கப்படும், இரண்டு பேர் ஏறி உட்காரும் ஒரு பெட்டி.

வழக்கமாகப் பழுது மூன்று இடத்தில் வரும். முதலாவது, கட்டை கீழே இறங்கி நிற்கும் இடம். பல கருவிகளில் கட்டை நேராக சுவிட்ச் மேலேயே வந்து முட்டுகிறது. அடியின் பலம் முழுவதையும் ஒரு சிறிய சுவிட்ச் வாங்குகிறது. கட்டைக்கு அடியில் கெட்டி ரப்பர் முட்டு வைத்து, கட்டை அதில் போய் நிற்க வேண்டும். அதற்குச் சற்று முன்பே சுவிட்ச் வேலை செய்து முடித்திருக்க வேண்டும். இன்னும் நல்லது, தொடாமலே உணரும் காந்த சென்சார் அல்லது ஒளி சென்சார். உராய்வே இல்லை, தேய்மானமும் இல்லை.

இரண்டாவது, அசையாத தட்டில் விரல் பட்டால் ஒலிக்கும் வகை. பார்க்க அழகு, உடைய ஒன்றுமில்லை. ஆனால் காலையில் ஈரத்துணியால் துடைத்ததும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும், ஈரப்பசை மாறும்போது எதுவுமே ஒலிக்காது. மேற்பரப்பு நன்றாகக் காய்ந்த பிறகு கருவியை மறுபடி இயக்கி, தன்னைத்தானே அளவு பார்த்துக்கொள்ள விட வேண்டும். இதைப் பராமரிப்புக் குறிப்பில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு கருவியையே மாற்றுகிறார்கள்.

மூன்றாவது, கம்பிகள். கட்டையோடு சேர்ந்து அசையும் கம்பி என்றைக்கும் உள்ளுக்குள் அறுந்துதான் போகும். அசையும் பாகத்தில் காந்தத்தை வைத்து, கம்பியுள்ள சென்சாரை அசையாத பாகத்தில் பொருத்துங்கள்.

கதையில் ஷ்ரோடரின் பொம்மைப் பியானோவில் கறுப்புக் கட்டைகள் வெறும் வண்ணப்பூச்சு. அவன் அதில்தான் பீத்தோவனை முழுதாக வாசிக்கிறான். ஷுல்ஸ் அவன் தலைக்கு மேல் வரைந்த இசைக்குறிப்புகளும் ஏனோதானோவென்று போட்டவை அல்ல. உண்மையான இசைத்தாளைப் பார்த்து ஒவ்வொரு குறியாக எழுதினார். இசை படிக்கத் தெரிந்தவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தே வாசித்துவிடலாம். இந்த இரண்டையும் காட்சியில் விட்டுவிடக் கூடாது. கறுப்புக் கட்டைகளை வண்ணமாகவே விடுங்கள். வெள்ளைக் கட்டை எட்டு போதும். குழந்தை எந்தக் கட்டையைத் தட்டினாலும் பீத்தோவன் மெட்டின் அடுத்த சுரம் ஒலிக்கும்படி அமைத்தால், மூன்று வயதுக் குழந்தையும் ஷ்ரோடராகிவிடும். மேலே உள்ள இசைத்தாளில் அந்தந்தக் குறி ஒளிரட்டும். தட்டியதற்கும் ஒலிப்பதற்கும் இடையே தாமதம் தெரிந்தால் குழந்தை தன் கை செய்த ஒலி என்று நம்பாது. ஸ்பீக்கரைக் குழந்தையின் தலைக்கு மேலே, கீழ்நோக்கி வையுங்கள். கூடம் முழுவதும் கேட்கும் பியானோவைப் பணியாளர்கள் மதியத்துக்குள் அணைத்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கேள்வி: ஸ்னூப்பியின் வீட்டுக் கூரையில் குழந்தைகளைப் படுக்கவைத்துப் படம் எடுக்க முடியாதா?

கூரையின் உச்சி ஒரு கோடு. ஸ்னூப்பி அதில் படுக்கலாம், மனிதக் குழந்தை உருண்டு விழும். கூரையின் மேல்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்ததுபோல் தரையிலேயே, 18 அங்குலத்துக்கு மிகாத உயரத்தில் தனியாகச் செய்து, உச்சியை ஓர் அடி அகலத்துக்குத் தட்டையாக்கி மெத்தென்று போர்த்துங்கள். படம் எடுப்பவர் பக்கவாட்டில், தாழ்வாக நிற்கும்படி தரையில் பாதச்சுவடு ஒட்டிவிட்டால் தட்டையான இடம் படத்தில் தெரியாது.

முழு வீடும் கட்டுவதாக இருந்தால் குழந்தைகள் அதில் ஏறுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஏறாதீர்’ என்ற பலகையால் பயனில்லை. கால் பிடிக்க விளிம்போ படியோ இல்லாத செங்குத்துச் சுவரும், கைக்கு எட்டாத கூரையும் வேண்டும். சன்னல், கம்பி, சட்டம் எதிலும் 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட திறப்பு இருக்கக் கூடாது. உடல் நுழைந்து தலை சிக்கும் அளவு அதுதான். உள்ளே தவழ்ந்து போகும் அறைக்கு இரண்டு வாசல், பெரியவர் குனியாமலே உள்ளே பார்க்க ஒரு திறப்பு.

உள்ளே என்ன வைப்பது என்பது நல்ல கேள்வி. ஷுல்ஸ் அந்த வீட்டின் உட்புறத்தை வாசகருக்குக் காட்டியதே இல்லை. உள்ளே ஒரு வான்கோ ஓவியம் இருந்ததென்றும், 1966இல் வீடு எரிந்தபோது அது போய், பிறகு அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வைத்தின் ஓவியம் வந்ததென்றும் பேச்சில்தான் தெரியும். அதனால் உட்புறத்தை அலங்கரித்து நிரப்பாமல், இருண்ட சுவரும் சில ஒலிகளும் விரலால் தடவ ஒரு சட்டமும் மட்டும் வைப்பது எங்களுக்குச் சரியாகப் படுகிறது. மீதியைக் குழந்தை கற்பனை செய்துகொள்ளும்.

கேள்வி: சின்னக் கட்டத்தில் இருக்கும் கோட்டுச் சித்திரத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினால் ஏதோ மாறிப்போகிறதே?

கோட்டின் உயிர் போய்விடுகிறது. கணினியில் கோட்டுருவாக (வெக்டர்) மாற்றும்போது மென்பொருள் எல்லா நடுக்கத்தையும் வழுவழுப்பாக்கிவிடும். 1981இல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஷுல்ஸின் கை நடுங்கத் தொடங்கியது. பிற்காலச் சித்திரங்களில் அந்த நடுக்கம் கோட்டிலேயே தெரியும். அதைத் திருத்துவது அவர் கையைத் திருத்துவது போல. மூலத்தை உயர்ந்த துல்லியத்தில் ஸ்கேன் செய்து, அந்தப் படத்தையே பெரிதாக அச்சிடுங்கள். எந்தக் காலச் சித்திரம் என்பதையும் கலக்காதீர்கள். 1950களின் சார்லி பிரவுனும் 1990களின் சார்லி பிரவுனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி போலிருக்கும்.

முப்பரிமாணச் சிலையாக வடிப்பது இன்னும் கடினம். சார்லி பிரவுனின் தலை உருண்டை, நெற்றி முடி ஒரு சுருள்கோடு. அந்தக் கோடு எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்பதற்குப் பதிலே இல்லை. தட்டையான வெட்டுருவம்தான் பெரும்பாலும் நேர்மையான தீர்வு. முக்கால் அங்குலப் பலகையில் வெட்டி, விளிம்பை உருட்டிக் கறுப்பு வண்ணம் பூசினால் அந்த விளிம்பே கதையின் கோடாகத் தெரியும்.

கேள்வி: சார்லி பிரவுனின் பட்டங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ‘பட்டம் தின்னும் மரத்தை’ எப்படி இயங்கவைக்கிறார்கள்?

கீழிருந்து மேலே வீசும் காற்றால். மேசைக்கு அடியில் ஃபேன், மேலே கிளைகள் விரிந்த மரம், இடையில் திறந்தவெளி. நூலும் வாலும் உள்ள நிஜப் பட்டம் சரிப்படாது. நூல் கழுத்துக்கு ஆபத்து, வால் சிக்கும். உள்ளங்கை அளவுக்குக் காகிதமோ மெல்லிய துணியோ போதும். பிள்ளையே மடித்து விடட்டும். தட்டையாக விட்டால் பக்கவாட்டில் நழுவும். ஓரங்களை மடித்துக் கிண்ணம்போல் செய்தால் காற்று தாங்கும். இதைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்கான பாடம்.

பழுதெல்லாம் காற்று உள்ளே வரும் வழியில். தரையோடு வைத்தால் தூசியும் காகிதமும் மூடி, ஃபேன் சூடேறும். பின்பக்கம், தரைக்கு ஓர் அடி மேலே, கால் அங்குலக் கண்ணுள்ள வலையோடு வையுங்கள். தினமும் காலையில் துடையுங்கள்.

கேள்வி: மூலச் சித்திரங்களையும் அங்கேயே மாட்டலாமே?

வேண்டாம். காகிதத்தில் மையால் வரைந்தது மங்காமல் இருக்க 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவு வெளிச்சமே போதும், அதற்கு மேல் கூடாது. குழந்தைகள் ஓடி விளையாடும் கூடத்துக்கு அது இருட்டு. நல்ல நகல் போதும். மூலங்களைப் பார்க்க விரும்புவோருக்குக் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் 2002இல் திறந்த சார்ல்ஸ் எம். ஷுல்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது.

கேள்வி: லைனஸின் போர்வையை எத்தனையோ பிள்ளைகள் முகத்தில் வைத்துக்கொள்கிறார்கள். சுத்தம் எப்படி?

மூன்று தொகுப்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று காட்சியில், ஒன்று துவைக்க, ஒன்று காயும் நிலையில். காலையும் மதியமும் மாற்றுங்கள். இரண்டடிச் சதுரத்துக்கு மேல் போனால் காலில் சிக்கும். ஓரத்தில் நூல் தொங்கக் கூடாது.

மற்ற பரப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறு: ஆல்கஹால் கலந்த திரவத்தால் அக்ரிலிக் கண்ணாடியைத் துடைப்பது. சில வாரங்களில் திருகாணி ஓட்டைகளைச் சுற்றி நுண்விரிசல் விழுந்து, பிறகு உடையும். அக்ரிலிக்குக்கு மிதமான சோப்புநீர்தான். கிருமிநாசினி எதுவானாலும், தெளித்த உடனே துடைத்தால் பயனில்லை. புட்டியில் எழுதியிருக்கும் நேரம்வரை பரப்பு ஈரமாக இருக்க வேண்டும்.

கேள்வி: பிள்ளைகளே கதை வரையும் மேசைக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?

ஷுல்ஸின் தொடக்ககாலச் சித்திரங்கள் ஒரே அளவுள்ள நான்கு கட்டங்கள். பத்திரிகைக்காரர்கள் இடத்துக்கு ஏற்ப வரிசையாகவோ, ஒன்றன்கீழ் ஒன்றாகவோ, சதுரமாகவோ அடுக்கிக்கொள்ளலாம். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் நாலேகால் அங்குலப் பட்டை. அதில் இரண்டேகால் அங்குல அகலத்தில் நான்கு கட்டம், இடையே கால் அங்குலம் விட்டால் இரண்டு ஓரமும் தாராளமாக மிஞ்சும்.

குழந்தைகள் முதலில் பேச்சுக் குமிழை வரைந்துவிட்டு, அதற்குள் எழுத்தை நெருக்கி நெருக்கிக் கடைசிச் சொல்லை வெளியே விடுவார்கள். ‘முதலில் எழுது, பிறகு சுற்றிக் கோடு போடு’ என்று மேசையிலேயே படமாகக் காட்டுங்கள். எழுதத் தெரியாத பிள்ளைக்கு நான்காவது கட்டத்தை மட்டும் காலியாக விட்ட தாள் கொடுக்கலாம். முடிவைச் சொல்ல எல்லோருக்கும் தெரியும்.

காந்தத் துண்டுகளை நகர்த்திக் கதை கட்டும் பலகை வைப்பதானால் சிறிய வீரியக் காந்தம் எந்த வடிவிலும் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை இடையில் பிடித்து ஓட்டையாக்கிவிடும். துண்டு முழுவதும் வளையும் காந்தத் தாளால் ஆனதாக, உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கட்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் வரும் இடத்தில் பலகையில் எட்ட வேண்டிய மேல்வரிசை 36 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து முதல் எட்டு வயதுக்கு 40 அங்குலம். அமெரிக்க மாற்றுத்திறனாளர் அணுகல் விதிகளோடு தரப்பட்டுள்ள பரிந்துரை இது.

கேள்வி: பாத்திரங்களை நாமே வரைந்து வைத்துக்கொள்ளலாமா?

பொதுக் காட்சிக்கு முடியாது. உரிமை ‘பீனட்ஸ் வேர்ல்ட்வைட்’ நிறுவனத்திடம் இருக்கிறது. படம், வாசகம், பொருள்களின் வடிவம் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வேண்டும். மரத்தை வெட்டிய பிறகு ஒப்புதல் கேட்டால் மரம் வீண். வரைபடம், மாதிரி, இறுதி அச்சு என மூன்று கட்டத்திலும் காட்டி வாங்குங்கள். வகுப்பறைப் பயிற்சி என்றால், பிள்ளைகளே தம் பாத்திரங்களைப் படைத்து நான்கு கட்டம் போடட்டும்.

கேள்வி: ஊர் ஊராகப் போகும் காட்சியில் முதலில் எது உடைகிறது?

பெட்டிகள். காட்சியைவிட, அதைக் கட்டி அனுப்பும் பெட்டியின் சக்கரமும் தாழ்ப்பாளும்தான் முதலில் போகும். எந்தத் துண்டும் வழக்கமான 80 அங்குல உயரக் கதவுக்குள், சக்கரத்தோடு சேர்த்து, நேராக நுழைய வேண்டும். சாய்த்து நுழைக்க வேண்டியது எதுவும் சாய்க்கும்போது உடையும். அடுத்தது, திரும்பத் திரும்பக் கழற்றும் ஸ்க்ரூ. மரத்தில் நேராக முறுக்கியது நாலாவது ஊரில் பிடிக்காது. பித்தளை மரையைப் பதித்து, போல்ட்டால் இணையுங்கள். எல்லா போல்ட்டும் ஒரே அளவு, கழற்ற ஒரே திருகுசாவி. உதிரிப் பெட்டியில் மரக்காசு இருபது, பியானோ சென்சார் நான்கு, ஃபேன் ஒன்று, கறுப்பு விளிம்பு வண்ணம் ஒரு சிறு டப்பா, அதற்கான தூரிகை. வண்ணத்தின் எண்ணை மூடியின் உள்பக்கம் எழுதிவையுங்கள், வெளிப்பக்கம் எழுதினால் முதல் கசிவிலேயே மறைந்துவிடும்.